நந்தினியும் நம் ஊர்ச் சாமியாரும்

என் வீட்டு அலமாரியில் இரண்டு பழைய புத்தகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, கல்கி பத்திரிகையில் தொடராக வந்த பொன்னியின் செல்வனை என் அத்தை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோந்து போட்டு, காடாத் துணியில் பைண்டு செய்த தொகுப்பு. ஐந்து பாகமும் இருந்தது. பூண்டியில் தண்ணீர் திறந்தால் சடையங்குப்பத்துக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2015 வெள்ளத்தில் கட்டில் மேல் வைத்தும் இரண்டு பாகம் ஊறிக் கூழாகிவிட்டது. மிச்சம் மூன்று. இன்னொன்று, 1978 வாக்கில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் மூன்று ரூபாய்க்கு வாங்கிய ஆங்கிலப் புத்தகம். ஐஸ்லாந்து தேசத்துப் பழங்கதை. பெயர் 'லக்ஸ்தேலா சாகா'. அட்டையில் கப்பல் படம் இருந்ததால் கடல் கதை என்று நினைத்து வாங்கினேன். உள்ளே கடல் கொஞ்சம்தான். காதலும் பழியும்தான் முழுக்க.

இந்த இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தொலைக்காட்சியில் வைக்கிங் தொடர்களைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்தில் நம்மூரில் இப்படியெல்லாம் இருந்ததா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். இருந்தது. அதே காலத்தில்தான் இருந்தது. அதோடு, நம் திருவொற்றியூரில் இருக்கும் ஒரு கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் காலக்கணக்கு. வடகடலில் இருந்து கப்பலில் வந்து ஊர்களைக் கொள்ளையடித்த வைக்கிங்குகளின் காலம் என்று பொதுவாக 793 முதல் 1066 வரை சொல்கிறார்கள். நம் பக்கம் பார்த்தால் பல்லவர் ஆட்சியின் பிற்பகுதியில் தொடங்கி, விசயாலயன் தஞ்சையைப் பிடித்தது, இராசராசன் பெரிய கோயில் கட்டியது, இராசேந்திரன் 1025இல் கடாரம் வரை கப்பல் அனுப்பியது எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். டென்மார்க்கு அரசன் ஹரால்டு 965ஐ ஒட்டி எல்லிங் என்ற ஊரில் ஒரு பெரிய கல்லில் தன் வெற்றிகளை வெட்டி வைத்தான். அந்தச் சில ஆண்டுகளில்தான் இங்கே சுந்தர சோழர் ஆட்சி. பொன்னியின் செல்வன் நடப்பது அந்த ஆட்சியில். அவர்களும் கல்லில் வெட்டினார்கள், நாமும் கல்லில் வெட்டினோம். அவர்கள் இரண்டு மூன்று வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் ஆட்கள் நிலத்தின் நான்கெல்லை, விளக்குக்கு எத்தனை ஆடு என்பது வரை விடாமல் வெட்டினார்கள்.

இனி ஐஸ்லாந்துக் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

குத்ரூன் என்று ஒரு பெண். அந்தத் தீவிலேயே அழகி, அறிவாளி. கியார்த்தன் என்பவனும் பொல்லி என்பவனும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். பொல்லி வளர்ப்புப் பிள்ளை. குத்ரூனுக்கும் கியார்த்தனுக்கும் காதல். இரண்டு பேரும் நார்வேக்குக் கப்பலேறிப் போகிறார்கள். பொல்லி முன்னால் திரும்பி வந்து, கியார்த்தன் அங்கே அரசனின் தங்கையோடு நெருக்கமாக இருக்கிறான் என்று சொல்லி, குத்ரூனைத் தானே மணந்துகொள்கிறான். கியார்த்தன் பிறகுதான் வருகிறான். வந்தவனும் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறான். அங்கே ஆரம்பிக்கிறது புகைச்சல். ஒரு வாள் காணாமல் போகிறது, ஒரு முக்காடு காணாமல் போகிறது. கடைசியில் குத்ரூன் தன் அண்ணன் தம்பிகளையும் கணவனையும் உசுப்பிவிட, 1003ஐ ஒட்டி, பொல்லியின் கையாலேயே கியார்த்தன் சாகிறான். செத்தவன் தலை பொல்லியின் மடியில்.

கியார்த்தனின் தகப்பன் பெரிய மனிதர். வளர்த்த பிள்ளையைக் கொல்லவிட மாட்டேன் என்று பொல்லியைத் தப்பவிடுகிறார். மற்றவர்களை நாட்டை விட்டு விலக்கி வைக்கச் செய்து வழக்கை முடிக்கிறார். அவர் கண்ணை மூடியதும் தாய் மற்ற மகன்களை உசுப்புகிறாள். பொல்லி சாகிறான். கொன்றவர்களில் ஒருவன் இரத்தம் தோய்ந்த ஈட்டியைக் குத்ரூனின் மேலாடையிலேயே துடைக்கிறான். அப்போது அவள் கர்ப்பிணி. என் சாவு அந்தத் துணிக்குக் கீழே இருக்கிறது என்று அவனே சொல்லிக்கொள்வதாகக் கதை. அப்படியே நடந்தது. குத்ரூன் இரத்தக்கறைத் துணியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து, பிள்ளைகள் வளர்ந்ததும் எடுத்துக் காட்டுகிறாள். பன்னிரண்டு வயசுப் பையன் போய்ப் பழி தீர்க்கிறான்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் குத்ரூன் இல்லை. நம் நந்தினி.

நந்தினி கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1950இல் தொடங்கி மூன்றரை வருஷம் தமிழ்நாடே அவளோடு வாழ்ந்தது. ஆதித்த கரிகாலன் இளம் வயதில் ஆசைப்பட்ட பெண். அரண்மனைப் பெரியவர்கள் பிரித்து வைத்தார்கள். பிறகு ஒரு குடிசையில், காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனுக்காக அவள் காலில் விழுந்து கெஞ்ச, கேட்காமல் கரிகாலன் தலையை வெட்டினான். அந்தப் பாண்டியன் வாளை வைத்துக்கொண்டு அவள் போட்ட சபதம், பழுவூர்க் கிழவரை மணந்தது, கடம்பூர் மாளிகை, எல்லாம் நமக்கு மனப்பாடம். 2022இலும் 2023இலும் சினிமாவாக வந்தபோது பேரப்பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஆனால் நந்தினி என்று ஒருத்தி இருந்ததில்லை. அவள் கல்கியின் கற்பனை. இதைச் சொன்னால் என் வயசுக்காரர்களே சண்டைக்கு வருகிறார்கள். அவளை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். மிஞ்சுவது கதையைவிடக் கொடுமையானது.

வீரபாண்டியன் தன் கல்வெட்டுகளில் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறான் தெரியுமா? 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியன். அதாவது அவன் முதலில் ஒரு சோழன் தலையை எடுத்திருக்கிறான். அந்தச் சோழன் யார் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பிறகு சேவூர்ப் போரில் பாண்டியன் தோற்கிறான். ஆதித்த கரிகாலன் கல்வெட்டுகளில் 'வீரபாண்டியன் தலைகொண்ட' கோப்பரகேசரி ஆகிறான். தலைக்குத் தலை. பட்டப்பெயரிலேயே பழிக்குப் பழி. இராசேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு இதைப் பெருமையாகவே சொல்கிறது. பாண்டியன் தலையைத் தன் நகரில் வெற்றித் தூணாக நட்டுவிட்டு, ஆதித்தன் சொர்க்கத்தைப் பார்க்கும் ஆசையில் மறைந்தான் என்று. ஒரு இளவரசன் கொலை செய்யப்பட்டதை இதைவிட மழுப்பலாக எழுத முடியாது.

கொலை என்று நமக்குச் சொல்வது காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று துரோகிகளின் பெயர் வரிசையாக வருகிறது. இந்தப் பட்டப்பெயர்களைக் கவனியுங்கள். பிரமாதிராசன் என்பது அரசாங்க உயர் அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டம். பஞ்சவன் என்றால் பாண்டியன். அதை வைத்து, இவர்களுக்குப் பாண்டிய நாட்டோடு தொடர்பு இருந்திருக்கலாம் என்று ஊகித்தவர்கள் உண்டு. கல்கி அந்த ஊகத்தில் நின்றுகொண்டுதான் ரவிதாசனை ஆபத்துதவியாக்கினார். கொலையில் உத்தம சோழனுக்குப் பங்கு உண்டு என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயப்பட்டார். இல்லை என்று சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என்னை உலுக்கியது வேறு விஷயம். அந்தக் கல்வெட்டு கொலையைப் பற்றி எழுதியது அல்ல. பறிமுதல் செய்த நிலத்தை வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் விற்ற பத்திரம் அது. யார் யார் நிலம்? கொலையாளிகளுடையது மட்டும் இல்லை. அவர்களின் தம்பிகள், பிள்ளைகள், பெரியப்பன்மார், மாமன்மார், அவர்கள் உடன்பிறந்த பெண்களைக் கட்டியவர்கள், அவர்கள் மகள்களைக் கட்டியவர்கள் வரை போகிறது பட்டியல். மருமகன் என்ன பாவம் செய்தான்? நிலத்தை வாங்கியவர் அதைத் தர்மத்துக்கு எழுதி வைத்தார். கொலை நடந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் அந்தக் கணக்கு தீரவில்லை. இன்றைக்கும், ரவிதாசன் என்ன சாதி என்று சண்டை போட்டு, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கொலைக்கு இன்றைய அடுத்த வீட்டுக்காரனிடம் கணக்குக் கேட்கிறவர்களைப் பார்க்கிறேன்.

வீரநாராயணம் என்றதும் ஞாபகம் வருகிறது. நாவல் தொடங்கும் அந்த வீரநாராயண ஏரிதான் வீராணம். 2004 முதல் சென்னைக்குக் குழாயில் வரும் தண்ணீர். வந்தியத்தேவன் குதிரை மேல் இருந்து பார்த்த ஏரித் தண்ணீரை நம் சென்னையில் குடத்தில் பிடிக்கிறார்கள்!

ஐஸ்லாந்திலும் சபை உண்டு. 930இல் தொடங்கிய 'ஆல்திங்'. நம் உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகளும் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. அங்கே ராஜா கிடையாது. தீர்ப்புச் சொல்லச் சபை உண்டு, நிறைவேற்றப் போலீஸ் இல்லை. செத்தவனின் சொந்தக்காரன்தான் நிறைவேற்ற வேண்டும். அதனால் பழி குடும்பத்தின் கடமை ஆயிற்று. இங்கே ராஜா உண்டு. அதனால் பழி ராஜாவின் ஆணையாக, பத்திரமாக வந்தது. வடிவம் வேறு, பாரம் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் கடைசியில் அதைச் சுமந்தது பிள்ளைகளும் பெண்டுகளும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

கரிகாலன் கதைக்கு இருபது வருஷம் முன்னால், 949இல், அரக்கோணம் பக்கத்தில் இருக்கும் தக்கோலத்தில் பெரிய போர். முதலாம் பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் ஒரு பக்கம். இராஷ்டிரகூட அரசன் மூன்றாம் கிருஷ்ணனும் அவன் துணைவன் கங்க மன்னன் பூதுகனும் மறுபக்கம். யானை மேல் இருந்தபடியே இராசாதித்தன் உயிர் போயிற்று. 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று அவனுக்குப் பெயரே அதனால்தான். கர்நாடகத்தில் ஆதகூர் என்ற ஊரின் கல்வெட்டு, அவனைக் கொன்றது பூதுகன் என்றும், அதற்குப் பரிசாகப் பெரும் நாடு கிடைத்தது என்றும் சொல்கிறது. அதே கல்லில் பன்றியோடு சண்டையிட்டுச் செத்த காளி என்ற வேட்டை நாய்க்கும் நினைவுக் குறிப்பு இருக்கிறது!

தக்கோலத்துக்குப் பிறகு தொண்டை மண்டலம் சோழர் கையை விட்டுப் போயிற்று. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவன் என்று கிருஷ்ணனின் பெயரில் இங்கே கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. திருவொற்றியூர்க் கோயிலிலும் அப்படி ஒன்று, கிருஷ்ணனின் இருபதாம் ஆட்சியாண்டில், அதாவது 959 வாக்கில் வெட்டியது. வடமொழியில் இருக்கிறது. டாக்டர் வே. ராகவன் ஆராய்ந்து பதிப்பித்தார்.

அது ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்கிறது. கேரள தேசத்தில் பிறந்தவர். கல்வியில் தேர்ந்து சோழ நாட்டுக்கு வந்து இராசாதித்தனுக்கு உற்ற துணையானவர், படைத்துணையும்கூட. தக்கோலத்தில் இளவரசன் உயிர் போன நேரத்தில் இவர் பக்கத்தில் இல்லை. தலைவனோடு சாக முடியவில்லையே என்ற துயரம் அவரை விடவில்லை. கங்கைக்குப் போய் நீராடினார். திரும்பித் திருவொற்றியூர் வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றுச் சதுரானன பண்டிதர் ஆனார். இங்கே மடத்தை நடத்தினார். சிவன் வழிபாட்டுக்காக 100 நிஷ்கம் பொன்னை நரசிம்மமங்கலத்துச் சபையிடம் கொடுத்தார். அதற்காக வெட்டியதுதான் இந்தக் கல்.

தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்ற ஊரில் கோயில் எடுப்பித்த, இராசாதித்தனின் படைத்தலைவன் வெள்ளங்குமரன் என்ற மலையாளியும் இவரும் ஒருவரே என்று கருதியவர்கள் உண்டு.

அந்தக் கல்லின் ஆண்டை மறுபடி நினைத்துப் பாருங்கள். யார் ஆட்சியாண்டு? தன் இளவரசனைக் கொன்ற படையின் அரசனுடைய ஆட்சியாண்டு. தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் கல்லின் தலைப்பில் எதிரியின் பெயர். அந்த மனிதருக்கு எப்படி இருந்திருக்கும்? வாள் பிடிக்கத் தெரிந்தவர். பழி வாங்கும் எண்ணம் இருந்திருந்தால், எதிரியின் ஆட்கள் நடமாடிய இந்த ஊரைவிட வசதியான இடம் கிடைத்திருக்காது. பத்து வருஷம் கழித்து அவர் வெட்டி வைத்தது பூசைக்கு ஒரு கட்டளை.

அவர் மடம் அழியவில்லை. சதுரானன பண்டிதர் என்ற பெயரிலேயே சீடர் வழி தொடர்ந்தது. இராசேந்திர சோழன் காலத்தில் அந்த வழியில் வந்த சதுரானன பண்டிதர் சொல்படிதான், ரவி என்ற வீரசோழத் தச்சன் ஆதிபுரீசுவரர் கருவறையைக் கருங்கல்லில் கட்டினான். யானையின் பின்புறம் போல வளைந்த அந்தத் தூங்கானை மாட விமானத்தைப் பிரகாரம் சுற்றும்போது பார்த்திருப்பீர்கள். அது ஒரு வகையில் இராசாதித்தன் சாவிலிருந்து வளர்ந்தது.

இதையெல்லாம் எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்தது.

1970களின் நடுவில் எங்கள் தெருவில் ஒருவரை ஒரு சில்லறைச் சண்டையில் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார்கள். அவர் தம்பி என் சினேகிதன். பத்தொன்பது வயது. குத்தியவன் ஜாமீனில் வந்து எங்கள் கண்முன்னே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். தெருவில் பையன்கள் எல்லாம் இவனை ஏற்றிவிட்டார்கள். நானும்தான். எனக்கு இருபத்திரண்டு வயது, புத்தகம் படித்தவன் என்ற திமிர் வேறு. "நந்தினி ஒரு பொம்பளை, அவளே சபதம் எடுத்து முடிச்சா, நீ இன்னாடா?" என்று கேட்டேன். அந்த வாக்கியம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அவன் அம்மா மீன் விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகன் இடுப்பில் என்ன செருகியிருந்தான் என்று பார்த்தார். மறுநாள் காதில் இருந்ததைக் கழற்றி அடகு வைத்து, தன் தம்பியோடு அவனைப் பம்பாய் ரயிலில் ஏற்றிவிட்டார். தெருவே கோழைக் குடும்பம் என்று பேசியது. அந்த அம்மா எங்களைப் பார்த்துச் சொன்னது இவ்வளவுதான்: "எம் புள்ள ஒண்ணு போச்சு. இன்னொருத்தி புள்ளையும் போவணுமா? அப்புறம் இவனும் போவணுமா? போங்கடா." நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். ஆனாலும் மனசுக்குள் அவனைக் கோழை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து அவன் திரும்பி வந்தான். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டான். குத்தியவனும் கிழவனாகி, போன வருஷம் இயற்கையாகவே செத்தான். சாவுக்கு என் சினேகிதன் போனான். மாலை போடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். நானும் கூடப் போயிருந்தேன். திரும்பும் வழியில் முதல்முறையாக, "அன்னிக்கு நான் சொன்னது தப்புடா" என்றேன். "எதைச் சொல்ற?" என்று கேட்டான். அவனுக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. நான்தான் ஐம்பது வருஷமாகச் சுமந்திருக்கிறேன்.

கல்கியைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நந்தினியின் வாழ்க்கையை அவர் வெற்றியாக எழுதவில்லை. அவள் கடைசியில் எல்லாவற்றையும் இழந்துதான் போகிறாள். நான்தான் சபதத்தை மட்டும் படித்துவிட்டு மிச்சத்தைப் படிக்காமல் விட்டவன். குத்ரூன் கதை முடிவும் அப்படித்தான். வயதான காலத்தில் அவள் கன்னியாஸ்திரி ஆகிறாள். ஐஸ்லாந்தின் முதல் பெண் துறவி என்று அந்தக் கதை சொல்கிறது. அப்போது மகன் வந்து, நீ யாரை அதிகம் நேசித்தாய் அம்மா என்று கேட்கிறான். அவள் சுற்றிவளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், தான் எவனுக்கு அதிகம் கெடுதல் செய்தாளோ அவனைத்தான் என்கிற பொருளில் பதில் சொல்கிறாள். கேட்ட மகன் வேறு யாருமில்லை, பன்னிரண்டு வயதில் பழி தீர்த்தவன்.

குத்ரூன் எல்லாப் பழியையும் முடித்துவிட்டுத் துறவுக்குப் போனாள். நம் ஊர்ச் சாமியார் பழியைத் தொடங்காமலே போனார். அந்த மீன்காரம்மா துறவுக்கெல்லாம் போகவில்லை. மறுநாள் காலையில் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போனார்.

அடுத்த பௌர்ணமிக்கு வடிவுடையம்மனைப் பார்க்கப் போகிறவர்கள், கூட்டம் இருந்தாலும் ஐந்து நிமிஷம் ஒதுக்கி ஆதிபுரீசுவரர் சந்நிதியைச் சுற்றி வாருங்கள். அந்த வளைந்த சுவர் முழுக்க எழுத்து. யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இராசாதித்தனின் நண்பர் நடந்த இடம் அது. பேரப்பிள்ளைகள் கூட வந்தால், நந்தினி கதையோடு அவர் கதையையும் சொல்லுங்கள். நான் என் பேரனுக்குச் சொல்லிவிட்டேன்.